அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி: விளம்பரம் சொல்வதும் தெரு சொல்வதும்

பட்டரவாக்கம் ரயில் நிலையத்தில் காலை எட்டு மணிக்கு மேல் வந்து நிற்கும் மின்சார ரயில்கள் பாதி காலியாகித்தான் கிளம்புகின்றன. திருவள்ளூர், அரக்கோணம் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒரு நடைமேடையில் இறங்குகிறார்கள். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கமிருந்து வருகிறவர்கள் எதிர் நடைமேடையில். தோளில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை, சிலர் காலில் இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி. பெண்கள் நிறையப் பேர். வடக்கிலிருந்து வந்த இளைஞர்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். அவர்களோடு நானும் நடந்தேன். வெளியே வந்ததும் ஒரு மின்கம்பத்தில் இரண்டு வகைச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்று வேலைக்கு: சிஎன்சி ஆபரேட்டர், ஃபிட்டர், ஹெல்பர் தேவை, தங்குமிடம் உண்டு. இன்னொன்று வீட்டுக்கு: மெட்ரோ வரப்போகும் இடம், விலை ஏறும் முன் முந்துங்கள்.

அந்த இரண்டாவது சீட்டுதான் என்னை இங்கே வரவழைத்தது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களில் சில ஆண்டுகளாகவே மேற்குச் சென்னைக்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்ற மூன்று பெயர்களும் மாறி மாறி வருகின்றன. பழைய மகாபலிபுரம் சாலைக்கு (ஓ.எம்.ஆர்.) ஒரு காலத்தில் கிடைத்த வெளிச்சம் இப்போது இந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்பதுதான் அத்தனை விளம்பரங்களின் சாரம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் தொலைபேசியில் கேட்டான்: “மாமா, இங்க நம்ம ஆளுங்க எல்லாம் ஆவடி, பூந்தமல்லின்னுதான் பேசறாங்க. அதுதான் அடுத்த ஓ.எம்.ஆர்.ங்கறாங்க. நேர்ல ஒருதடவ பாத்துட்டுச் சொல்லுங்களேன்.” கேட்டவன் அவன் என்றாலும், அதே கேள்வியோடு வங்கிக் கடனுக்கு அலைகிற குடும்பங்கள் உள்ளூரிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதனால் மூன்று ஊர்களையும் நடந்தும், ரயிலிலும், ஷேர் ஆட்டோவிலும் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

அவன் குடியிருக்கும் ஆஸ்டினே இப்படிப் பேர் வாங்கிய ஊர்தான். அமெரிக்காவில் நியூயார்க், சிகாகோ போன்ற பெருநகரங்களுக்கு அடுத்த நிலையில் இருக்கும் ஆஸ்டின், நாஷ்வில், டென்வர் போன்ற நகரங்களுக்குக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெரிய மவுசு வந்தது. ஆரக்கிள் நிறுவனம் 2020இல் தன் தலைமையகத்தை ஆஸ்டினுக்கு மாற்றியது. 2021இல் டெஸ்லாவும் வந்தது. வீட்டு விலையும் வாடகையும் ஒரே மூச்சில் மேலே போயின. 2022க்குப் பிறகு புதிய அடுக்குமாடிகள் ஏராளமாகக் கட்டி முடிக்கப்பட்டபோது இரண்டும் இறங்கின. 2024இல் ஆரக்கிளின் லாரி எலிசன், அடுத்த தலைமையகம் நாஷ்வில் என்று பேசினார். ஆஸ்டின் மக்கள் 2020 நவம்பரில் தங்கள் சொத்து வரியை உயர்த்திக்கொள்ளச் சம்மதித்து ஒரு ரயில் திட்டத்துக்கு வாக்களித்தார்கள். செலவு எகிறியதால் 2023இல் அதன் நீளத்தைப் பெருமளவு வெட்டிவிட்டார்கள். நாஷ்வில் மக்கள் பொதுப் போக்குவரத்துத் திட்டத்தை 2018இல் தோற்கடித்து, 2024இல்தான் ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவே கொண்டாடும் ஊர்களில் கார் இல்லாமல் வேலைக்குப் போவது இன்றும் பெரும்பாடு.

பட்டரவாக்கத்தில் இறங்கிய அந்தக் கூட்டத்தில் கார் வைத்திருப்பவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் நேரத்துக்கு வேலைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று ஓடத் தொடங்கிய, தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இது. இந்தப் பக்கத்து ஊர்கள் அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் வளர்ந்தன. இன்று நான்கு தடங்கள். சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குப் பத்து ரூபாயைத் தாண்டாத டிக்கெட். விளம்பரப் பக்கங்களில் இந்த ரயிலுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். வரப்போகும் மெட்ரோவுக்குப் பெரிய எழுத்து. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அங்கிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தேன். 1964இல் தொடங்கிய பேட்டை. சென்னை மாகாணத்தின் தொழில் அமைச்சராக ஆர். வெங்கட்ராமன் இருந்தபோது முதலில் கிண்டியும் பிறகு அம்பத்தூரும் உருவாயின. அதற்கும் முன்பே இங்கே தொழில் வந்துவிட்டது: முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. கிழக்கே பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, பிரிட்டானியா. டன்லப் டயர் ஆலை ஓய்ந்துபோய் வெகுகாலம் ஆகியும் பேருந்து நிறுத்தத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். பெரிய ஆலைகளுக்கு வேண்டிய சின்னச் சின்ன உதிரிபாகங்களைச் செய்துகொடுக்க நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. அச்சு, பிளாஸ்டிக் வார்ப்பு, ஸ்பிரிங், கியர், முலாம் பூசுதல், ஏற்றுமதி ஆடைகள் என்று ஒரு சந்துக்குள்ளேயே பத்து வகைத் தொழில் நடக்கிறது. லேத்திலிருந்து சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவல் சாக்கு மூட்டைகளில் கட்டி வாசலில் கிடக்கிறது. தெருவெங்கும் கூலன்ட் எண்ணெய் வாடை.

அதே தெருவின் அடுத்த வளைவில் காட்சி மாறிவிடுகிறது. கண்ணாடி போர்த்திய மென்பொருள் கட்டிடங்கள். அவற்றுக்கு நடுவே ஜன்னலே இல்லாத, உயரமான சுவர்களுடைய பெட்டி போன்ற கட்டிடங்கள். இவை தரவு மையங்கள். என்.டி.டி., கன்ட்ரோல்எஸ் போன்ற நிறுவனங்களின் பெரிய தரவு மையங்கள் இங்கே வந்துவிட்டதால் அம்பத்தூர் இப்போது அந்தத் துறையில் நாடறிந்த பெயர். தொழிற்பேட்டைக்கென்று போட்ட மின்சாரக் கட்டமைப்பும், கடலடிக் கம்பிவடங்கள் கரையேறும் சென்னைக் கடற்கரையின் அருகாமையும் அவற்றை இழுத்து வந்தன. ஆனால் ஒரு தரவு மையத்துக்குள் வேலை செய்கிறவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. அதே பரப்பில் இருக்கும் பட்டறைகளில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று கணக்குப் போட்டால், அம்பத்தூரின் பெருமை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது விளங்கும்.

ஒரு பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். நான்கைந்து பேர் வேலை செய்யும் இடம். முதலாளியே எந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அரசு ஐ.டி.ஐ.யில் படித்துவிட்டு ஒரு பெரிய கம்பெனியில் பயிற்சியாளராகச் சேர்ந்து, பிறகு ஒரே ஒரு பழைய லேத்தோடு தனியாகத் தொழில் தொடங்கியவர். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. கேட்காமலே காட்டினார்.

“மிக்ஜாம் புயல் சார். 2023 டிசம்பர். தண்ணி இந்தக் கோடு வரைக்கும் நின்னுச்சு. மோட்டார், பேனல் போர்டு, எல்லாம் போச்சு. மெஷினு கடன்ல வாங்குனது. மெஷின் ஓடலன்னாலும் தவணை ஓடுதில்ல?”

“இப்ப வடிகால் போட்டிருக்காங்களே?”

“போட்டிருக்காங்க. வேலையும் நடக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா வானம் கறுத்தா, ராத்திரியில எழுந்து இங்க ஓடி வந்துடறேன்.”

வெளியூர் ஆட்கள் அம்பத்தூரைப் பற்றிப் பேசும்போது இந்தப் பழுப்புக் கோடு பேச்சில் வருவதே இல்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போக வேண்டும். நடுவில் இருந்த வாய்க்கால்கள் சுருங்கிவிட்டன. மழைநீர் போக வேண்டிய வழியில் சாக்கடையும் ஆலைக் கழிவும் போகின்றன. கொரட்டூர் ஏரியைக் காப்பாற்ற அந்தப் பகுதி மக்களே பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்ப் போராட வேண்டியிருந்தது. அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து ஏழாவது மண்டலமானது. வரி மாநகர அளவுக்கு உயர்ந்ததைப் போல வடிகாலும் மாநகர அளவுக்கு உயர்ந்திருந்தால் அந்தப் பட்டறைக்காரர் ராத்திரியில் எழுந்து ஓட வேண்டியிருக்காது.

ஆடை ஏற்றுமதி ஆலையின் வாசலில் தேநீர் இடைவேளைக்கு வெளியே வந்த ஒரு பெண்ணிடம் பேசினேன். பதினோரு ஆண்டுகளாக இங்கே தையல் வேலை. வீடு எங்கே என்றேன். “முன்னாடி மண்ணூர்பேட்டையில இருந்தோம்ணா. வாடகை கட்டுப்படியாகல. இப்ப திருநின்றவூர் தாண்டிப் போயிட்டோம். ரயில் இருக்கவே வேலையை விடாம இருக்கேன்” என்றார். ஒரு ஊருக்கு மவுசு கூடும்போது முதலில் வெளியே போகிறவர்கள் அந்த ஊரை ஓடவைக்கிறவர்கள்தான். ஆஸ்டினில் இசைக் கலைஞர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நடந்தது அதுவே. இங்கே அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு நடக்கிறது. அங்கே அவர்களைத் திரும்பக் கொண்டுவர இப்படியொரு ரயில் இல்லை; இங்கே இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மீண்டும் ரயில். அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி. திருமுல்லைவாயிலில் இறங்கி மாசிலாமணீஸ்வரர் கோயிலைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. சுந்தரர் பாடிய தலம். தொண்டைமான் மன்னன் முல்லைக்கொடிகளை வெட்டியபோது உள்ளேயிருந்த லிங்கம் வெளிப்பட்டது என்பது தலவரலாறு; அவன் கொண்டுவந்து நிறுத்தியதாகச் சொல்லும் எருக்கந்தூண்களை இன்றும் காட்டுகிறார்கள். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடும் நாளில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், இங்கே கொடியிடை நாயகி என மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று பெண்கள் கிளம்பி வருவார்கள். கோயிலுக்கு வெளியே நிழல் தரும் மரங்களும், அமைதியும் இருக்கின்றன. இந்த மேற்குப் பகுதி புதிதாக முளைத்தது என்று நினைக்கிறவர்கள் ஒரு முறை இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம். திருநின்றவூர் பூசலாருக்கு, திருவேற்காடு மூர்க்க நாயனாருக்கு, திருமழிசை ஆழ்வாருக்கு, பூந்தமல்லி திருக்கச்சி நம்பிக்கு என்று சைவமும் வைணவமும் உரிமை கொண்டாடும் ஊர்கள் இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியிருக்கின்றன.

ஆவடி என்னை வியக்க வைத்தது. இதை வாய்விட்டுச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

நிலையத்துக்கு வெளியே புதிய ராணுவச் சாலை. சந்தை, காய்கறி வண்டிகள், நெரிசல். இது எந்தப் புறநகரிலும் உள்ளதுதான். ஆனால் அங்கிருந்து கனரக வாகனத் தொழிற்சாலையின் குடியிருப்புப் பகுதிக்குள் போனால் சென்னையில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது: அகலமான தெரு, இருபுறமும் முதிர்ந்த மரங்கள், தெருவில் விளையாடும் பிள்ளைகள். 1961இல் அடிக்கல் நாட்டிய தொழிற்சாலை இது. இந்தியாவில் செய்த முதல் பீரங்கி வண்டியான விஜயந்தா 1965 டிசம்பரில் இங்கிருந்துதான் வெளியே வந்தது. பிறகு அஜேயா, அர்ஜுன், பீஷ்மா. பக்கத்திலேயே ராணுவ உடைத் தொழிற்சாலை, என்ஜின் தொழிற்சாலை, போர் வாகன ஆராய்ச்சி நிலையம், விமானப் படைத்தளம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள். தொழிற்சாலைக் குடியிருப்பில் உள்ள பள்ளிக்குக்கூட விஜயந்தா என்றுதான் பெயர்.

மர நிழலில் இருந்த சிமென்ட் பெஞ்சில் ஒரு பெரியவர். தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவர். “ஐயா, இந்த ஊர் மாறிடுச்சா?” என்று கேட்டேன்.

“மாறாம இருக்குமா தம்பி? நான் சேர்ந்தப்ப சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இந்தப் பக்கம் நரி ஊளையிடும். கேரளாக்காரர், ஆந்திராக்காரர், பஞ்சாபி, எல்லாரும் ஒரே லைன்ல குடியிருந்தோம். ஓணம், பொங்கல், லோரி, மூணும் எங்க பிள்ளைங்களுக்குத் தெரியும். இப்ப புதுசா ஆளே எடுக்கறதில்ல. பாதி குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்குது. அதப் பத்தி யாராவது எழுதறீங்களா?”

அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது கடைசி வரி. ஆவடிக்கு வந்த எல்லாப் புகழுக்கும் அடியில் அரசு போட்ட முதல் இருக்கிறது. 1955 ஜனவரியில் காங்கிரஸின் அறுபதாவது மாநாடு இங்கேதான் நடந்தது. யு.என். தேபர் தலைவர், நேரு வந்திருந்தார், முதலமைச்சர் காமராஜர். சமதர்ம பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்ற தீர்மானம் அந்தப் பந்தலில்தான் நிறைவேறியது. மாநாடு நடந்த இடம் சத்தியமூர்த்தி நகர். அந்தத் தீர்மானத்துக்குப் பின்வந்த ஆண்டுகளில் நாடு முழுக்க எழுந்த பொதுத்துறை ஆலைகளில் சில இதே ஊரில் எழுந்தன. ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளி. அந்தச் சம்பளத்தில்தான் காமராஜ் நகரிலும் பருத்திப்பட்டிலும் கோவர்த்தனகிரியிலும் சொந்த வீடுகள் எழும்பின. 2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் எல்லாம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆவடித் தொழிற்சாலை, இங்கேயே தலைமையகம் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் வந்தது. நிரந்தர வேலை குறைந்து ஒப்பந்த வேலை பெருகினால் ஆவடி இனி எந்தச் சம்பளத்தில் வீடு கட்டும் என்ற கேள்வியை எந்த விளம்பரமும் கேட்கவில்லை.

பருத்திப்பட்டு ஏரிக்கு நடந்தேன். 2019இல் இதைச் சீர்படுத்திப் பசுமைப் பூங்காவாக்கினார்கள். கரை நெடுக நடைபாதை, நடுவே மரங்கள் அடர்ந்த திட்டுகள், தண்ணீரில் நீர்க்காகங்கள். சாயங்காலம் முழுக் குடும்பமாக வந்து நடக்கிறார்கள். அமெரிக்காவிலும் நல்ல நகரம் என்ற பட்டியலில் இடம் பிடித்த ஊர்கள் பெரும்பாலும் ஒரு ஆற்றங்கரையை, ஒரு ஏரிக்கரையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஊர்கள். ஆவடி அந்தக் காரியத்தைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறது. அதே 2019இல் ஆவடி மாநகராட்சி ஆனது. 2022 ஜனவரியில் தனிக் காவல் ஆணையரகமும் வந்தது. ஆனால் ஏரியிலிருந்து சில தெருக்கள் தள்ளிப் போனாலே கழிவுநீர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. தாழ்வான நகர்களில் மழைக்காலத்தில் படகு வருவது இங்கே புதிதல்ல.

பட்டாபிராமுக்குப் போகும் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் தூரத்திலிருந்தே தெரிகிறது டைடல் பூங்கா. 21 மாடி. 330 கோடி ரூபாய் செலவில், ஐந்தரை லட்சம் சதுர அடிக்கு மேல் இடம் கொண்டதாகக் கட்டி 2024 நவம்பர் 22 அன்று திறந்தார்கள். தரமணியில் 2000ஆம் ஆண்டு திறந்த முதல் டைடல் பூங்கா ஓ.எம்.ஆரின் தலையெழுத்தை மாற்றியது என்பதால் இதன்மேல் நம்பிக்கை வைக்கிறார்கள். வடக்கேயும் மேற்கேயும் இருக்கும் பிள்ளைகள் படிப்பு முடித்து நகரத்தின் மறுகோடிக்குத் தினமும் இரண்டு மணி நேரம் பயணம் போகாமல் இங்கேயே வேலை பார்க்க முடிந்தால் அது பெரிய விஷயம். அந்த வகையில் அரசு சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறது. ஆனால் எதிரே டீக்கடைக்காரர் சொன்னது வேறு: “கட்டிடம் எழும்பும்போதே கடை வாடகையை ரெண்டு தரம் ஏத்திட்டாங்க சார். ஆளுங்க வந்து டீ குடிச்சாத்தானே எனக்கு வாடகை?” பாடியிலிருந்து திருநின்றவூர் வரை இந்த நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டர் மெட்ரோவுக்கு 9,744 கோடி ரூபாய் மதிப்பில் விரிவான திட்ட அறிக்கை 2025 பிப்ரவரியில் மாநில அரசிடம் போனது. அறிக்கை கொடுத்த மறுவாரமே அது வீட்டு விலைப் பட்டியலில் ஏறிவிடுகிறது. ரயில் ஓட எத்தனை ஆண்டு ஆகும் என்பது வாங்குகிறவரின் கவலை.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு 62ஆம் எண் பேருந்து. செங்குன்றத்தில் புறப்பட்டு வரும் பழைய தடம். வழியில் கூவத்தைக் கடக்கிறோம். நகருக்குள் மூக்கைப் பொத்தவைக்கும் அதே கூவம் இங்கே நாணலும் தண்ணீருமாக ஆறு போலவே இருக்கிறது. கரையோரம் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். கல் நட்டிருக்கும் இடத்தைப் பார்த்தால் மழைக்காலத்தில் ஆறு எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை என்பது தெரிகிறது.

பூந்தமல்லியில் இறங்கினால் தலைக்குமேல் மெட்ரோ. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டர் நான்காவது வழித்தடத்தின் மேற்குக் கோடி இது. ஓட்டுநர் இல்லாத ரயிலின் சோதனை ஓட்டம் 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத் தோட்டத்துக்கும் இடையே நடந்தது. அந்த ஆண்டில் நான் போனபோது ஆளில்லாத ரயில் மேலே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கீழே டிரங்க் சாலையில் கரையான்சாவடியும் குமணன்சாவடியும் புழுதியில் நெரிந்துகொண்டிருந்தன. அடுத்த கட்டமாக இதே தடத்தைச் சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை நீட்டத் திட்டம். பரந்தூரில் விமான நிலையம் வேண்டாம் என்று ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். ஆனாலும் பூந்தமல்லி மனை விளம்பரங்களில் அந்த விமான நிலையம் கட்டி முடிந்து விமானமும் இறங்கிவிட்டது.

பூந்தமல்லி எதனால் வாழ்கிறது என்பதை விடிகாலை ஷிப்ட் நேரத்தில் பார்க்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் கம்பெனிப் பேருந்துகள் நெடுஞ்சாலையோரம் வரிசையாக வருகின்றன. 1998இல் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் வளர்ந்த தொழிலுக்கு வாசல்படி பூந்தமல்லி. அந்த இளைஞர்கள் தங்குவது ஆறு பேருக்கு ஒரு அறையில். விளம்பரத்தில் வரும் நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடிக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இங்கே இருக்கிறது. வெள்ளைக் கோலைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாணவர்கள் சாலையைக் கடக்க நின்றபோது, நடைபாதை முழுக்க மெட்ரோ கட்டுமானத் தகரத் தடுப்பு. ஒரு கடைக்காரர் ஓடிவந்து கைபிடித்து அழைத்துப் போனார். நவீன ரயில் வரும் ஊரில் பார்வையற்ற பிள்ளைக்கு நடக்க நாலு அடி இடம் இல்லை என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அங்கே ஒரு புரோக்கர் எனக்கு மாதிரி வீடு காட்டினார். நல்ல மனிதர். “சார், குத்தம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு திறந்துட்டா இந்த ரேட்டுக்குக் கிடைக்காது” என்றார். நிலத்தில் எனக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டபோது பக்கத்தைப் புரட்டினார். மழைநீர் எங்கே போகும் என்று கேட்டபோது சிரித்தார். ஐந்து நிமிட தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பரில் அந்த ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் அடையாற்றில் என்ன செய்தது என்று சென்னை முழுக்கத் தெரியும். அதன் வரத்து வாய்க்கால்கள் சுற்றுவட்டார ஊர்களின் வழியாகத்தான் போகின்றன.

மூன்றையும் பார்த்த பிறகு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆவடிக்குக் கிடைக்கும் பேர் அதன் தகுதிக்குக் குறைவு. ரயில், மரம், ஏரி, பல மொழிக்காரர்கள் சேர்ந்து வாழ்ந்த பழக்கம் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. சாக்கடையும் வடிகாலும் வந்துவிட்டால் சென்னையில் குடியிருக்க அதைவிட நல்ல புறநகர் எனக்குத் தெரியவில்லை. அம்பத்தூருக்குப் பேர் பொருத்தம்தான், ஆனால் பேர் கிடைப்பது தவறான காரணத்துக்காக. அதன் பெருமை கண்ணாடிக் கட்டிடமல்ல, பட்டறை. வீட்டு விலையும் வெள்ளமும் சேர்ந்து அந்தப் பட்டறைகளை விரட்டிவிட்டால் அம்பத்தூர் இன்னொரு குடியிருப்புப் பகுதியாகச் சுருங்கிவிடும். பூந்தமல்லியில் விலை ஊரை முந்திக்கொண்டு ஓடுகிறது. மெட்ரோ அதற்கு உண்மையான வரம். ஆனால் இன்று அங்கே கேட்கும் விலையில் பாதி, இன்னும் வராதவற்றுக்கான விலை.

இந்தப் பக்கம் வீடு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல் மாதத்தில் போய் முன்பணம் கொடுக்காதீர்கள். நவம்பர் கடைசியில், நாலு நாள் மழை பெய்து விட்ட மறுநாள் போங்கள். மாதிரி வீட்டுக்குள் நுழையும் முன் பக்கத்துத் தெருவில் இருபது வருடமாகக் குடியிருக்கும் ஒரு அம்மாவிடம் 2015லும் 2023லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் வாங்கி, மனை இருக்கும் இடத்தில் ஏரி, தாங்கல், வாய்க்கால் என்று ஏதாவது குறித்திருக்கிறதா என்று சர்வேயர் ஒருவரை வைத்துப் பாருங்கள். ரெரா எனும் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தின் பதிவு எண்ணைச் சரிபாருங்கள்; நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். வேலை நாளில் காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு, இன்று ஓடும் பேருந்திலும் ரயிலிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் வீடு பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள்.